கிளாஸ் கலகலன்னு இருந்துச்சு, சரி, பிள்ளைங்க கத்துக்கிட்டாங்களா?

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன், ஒரு டீச்சிங் மெத்தட் நிஜமாவே வேலை செய்யுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு எழுதணும்னு தோணினதுக்கே அதான் காரணம். கொஞ்ச வருஷம் முன்னாடி ஏழாம் கிளாஸுக்கு கணக்கு எடுத்துட்டு இருந்தேன். பின்னம்னு போர்டுல எழுதினாலே பாதி பேர் மூஞ்சி வாடிடும். சரி, புதுசா ஏதாவது பண்ணிப் பாப்போம்னு ரெண்டு ராத்திரி உக்காந்து கலர் அட்டையை வெட்டி, 1/2, 1/3, 2/6ன்னு சீட்டுக்கட்டு மாதிரி ஒண்ணு பண்ணேன், டீம் பிரிச்சு விளையாட விட்டேன். கிளாஸ் கலகலன்னு ஆயிடுச்சு, பெல் அடிச்சும் ஒருத்தனும் எந்திரிக்கல. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் வெச்சா சராசரி மார்க் நல்லாவே ஏறியிருந்துச்சு.

ஸ்டாஃப் ரூம்ல போய் பீத்திக்கிட்டேன். பக்கத்து செக்‌ஷனுக்கு எடுக்கறவங்க ஒரு சீனியர் டீச்சர், சாக்பீஸையும் போர்டையும் தவிர எதையும் தொடாதவங்க. அவங்க எதுவும் பேசல, தன்னோட மார்க் ரெஜிஸ்டரைத் திருப்பி என் பக்கம் தள்ளினாங்க. அதே டெஸ்ட், அதே மூணு வாரம், கார்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது, அங்கயும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியிருக்கு.

அன்னைக்கு எனக்கு விழுந்த அந்தக் குட்டுதான் கல்வி ஆராய்ச்சிக்கே அஸ்திவாரம்னு பின்னாடி படிக்கறப்பதான் புரிஞ்சுது. புது டீச்சிங் மெத்தட் எதுவா வேணா இருக்கட்டும், கேம், வீடியோ, டேப்லட், குரூப் வொர்க், ப்ராஜெக்ட், "இதைப் பண்ணதுக்கு அப்புறம் மார்க் ஏறுச்சா?"ங்கறது தப்பான கேள்வி. ஏன்னா பிள்ளைங்க சும்மா இருந்தாலும் மூணு வாரம் வளருவாங்க, புத்தகத்துல அடுத்தடுத்த கணக்கு போடுவாங்க, வீட்டுல யாராவது சொல்லிக் கொடுப்பாங்க, டெஸ்ட் வருதுங்கற பயத்துலயே நாலு பேர் படிப்பாங்க. சரியான கேள்வி, "இதைப் பண்ணாம இருந்திருந்தா எவ்வளவு ஏறியிருக்கும்?" இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் அந்த மெத்தடோட சொந்த சம்பாத்தியம், மீதி எல்லாம் தானா வந்தது.

இதுல சிக்கல் என்னன்னா ஒரே பிள்ளையை ஒரே நேரத்துல கார்டு விளையாட விட்டும் விளையாட விடாமலும் பாக்க முடியாது. அதனால அவங்களை மாதிரியே இருக்கற இன்னொரு குரூப்பைத் தேடணும், அதைத்தான் கன்ட்ரோல் குரூப்ங்கறாங்க, ஒப்பீட்டுக் குழுன்னு வெச்சுக்கலாம். "மாதிரியே"ங்கற அந்த ஒரு வார்த்தைலதான் மொத்த வில்லங்கமும் இருக்கு. புது மெத்தடை யார் முதல்ல எடுத்துச் செய்வாங்க? ஆர்வமான டீச்சர், கொஞ்சம் வசதியான ஸ்கூல், அக்கறையா விசாரிக்கற பெத்தவங்க. அந்தப் பிள்ளைங்க மெத்தட் இல்லாமலே நல்லா பண்ணியிருப்பாங்க. அவங்களையும் மத்தவங்களையும் ஒப்பிட்டா மெத்தட் பிரமாதமாத் தெரியும், நிஜத்துல தெரியறது அந்த டீச்சரோட ஆர்வம்.

அதுக்குக் கண்டுபிடிச்ச வழி சிரிக்கற அளவுக்கு சிம்பிள், சீட்டு குலுக்கிப் போடறது. எந்த ஸ்கூலுக்குப் புது மெத்தட், எந்த ஸ்கூலுக்குப் பழசுன்னு குலுக்கல் முடிவு பண்ணும். குலுக்கலுக்கு யார் ஆர்வமானவங்க யார் சோம்பேறின்னு தெரியாது, அதனால எண்ணிக்கை போதுமான அளவு இருந்தா ரெண்டு பக்கமும் எல்லா விதமான ஆளுங்களும் சராசரியா சமமா விழுவாங்க, நம்மளால அளக்கவே முடியாத விஷயங்கள்கூட சமமாயிடும். மருந்து சோதனைல பண்ற அதே ரேண்டமைஸ்ட் ட்ரயல்தான், மாத்திரைக்குப் பதிலா பாடம், அவ்வளவுதான்.

குலுக்கல் இல்லாட்டி எவ்வளவு ஏமாறலாம்ங்கறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கென்யால நடந்தது. சுவர் பக்கமா நிறுத்தி ஒவ்வொரு தாளா புரட்டிப் பாடம் நடத்தற பெரிய படச் சார்ட்டுங்க இருக்குல்ல, அது பிள்ளைங்களுக்கு உதவுதான்னு பால் க்ளூவி, மைக்கேல் க்ரேமர்ங்கற பொருளாதார ஆய்வாளர்கள் குழு பாத்தாங்க. முதல்ல வழக்கமான முறைல, ஏற்கனவே சார்ட் வெச்சிருக்கற ஸ்கூலையும் இல்லாத ஸ்கூலையும் ஒப்பிட்டுப் பாத்தா, சார்ட் இருக்கற ஸ்கூல் பிள்ளைங்க நல்லாவே முன்னாடி இருக்காங்க. அடடா, சார்ட் வாங்கிக் கொடுத்தா போதும்னு தோணும்ல? அப்புறம் 178 ஸ்கூலை எடுத்து, குலுக்கல் முறைல அதுல பாதிக்கு மட்டும் சார்ட் கொடுத்து, மார்க்கை ஒப்பிட்டாங்க. வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். 2004ல பேப்பரா வந்துச்சு. முன்னாடி தெரிஞ்ச முன்னேற்றம் சார்ட்டால வந்ததே இல்ல, சார்ட் வாங்கற அளவுக்கு நிலைமை இருந்த ஸ்கூலுங்க அதுங்க, அவ்வளவுதான் விஷயம். இதே க்ரேமர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ கூட சேர்ந்து 2019ல பொருளாதார நோபல் வாங்கினார், இந்த மாதிரி குலுக்கல் ஆய்வுகளை வறுமை, கல்வி, சுகாதாரம்னு எல்லா இடத்துக்கும் கொண்டு போனதுக்காக.

நம்மளை ஏமாத்தற இன்னொரு விஷயம் இருக்கு, இது கொஞ்சம் நுணுக்கம், மெதுவா படிங்க. ஒரு டெஸ்ட்ல ரொம்பக் கம்மியா வாங்கின 20 பேரைப் பொறுக்கி எடுத்து ஸ்பெஷல் கிளாஸ் வைக்கறோம்னு வைங்க. அந்த 20 பேர்ல நிஜமாவே பாடம் தெரியாதவங்களும் இருப்பாங்க, அன்னைக்கு ஜுரத்தோட வந்தவன், கேள்வியைத் தப்பாப் படிச்சவ, படிக்காம விட்ட ஒரே பாடத்துல இருந்து கேள்வி வந்து மாட்டிக்கிட்டவன்னு துரதிர்ஷ்டசாலிங்களும் இருப்பாங்க. அடுத்த டெஸ்ட்ல அந்தத் துரதிர்ஷ்டம் திரும்ப அதே ஆளுங்களைத் தேடி வராது, அதனால ஸ்பெஷல் கிளாஸே வைக்கலன்னாலும் இந்த 20 பேரோட சராசரி ஏறும். அதே கணக்குல முதல் டெஸ்ட்ல உச்சத்துல இருந்தவங்க கொஞ்சம் இறங்குவாங்க. சராசரியை நோக்கித் திரும்பறதுன்னு இதுக்குப் பேரு. "பின்தங்கிய மாணவர்கள் ஒரே மாசத்தில் முன்னேற்றம்"னு எங்கயாவது படிச்சா எனக்கு முதல்ல இந்த சந்தேகம்தான் வருது, கெட்ட பழக்கம் ஆயிடுச்சு.

புதுசுங்கறதே ஒரு உற்சாகம் கொடுக்கும், அதுவும் கணக்குல வரணும். யாரோ வந்து நம்மளைக் கவனிக்கறாங்கன்னு தெரிஞ்சாலே கொஞ்ச நாளைக்கு டீச்சரும் விறைப்பா நிப்பாங்க, பிள்ளைங்களும் நிமிர்ந்து உக்காருவாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தாதான் பெயின்ட் உதிர்ந்தப்புறம் சுவர் எப்படி இருக்குன்னு தெரியும்.

சரி, வித்தியாசம் கிடைச்சுடுச்சு, அது பெருசா சின்னதான்னு எப்படிச் சொல்றது? ஒரு ஆய்வுல 50 மார்க் டெஸ்ட், இன்னொண்ணுல 200 மார்க் டெஸ்ட், நேரடியா ஒப்பிட முடியாது. அதனால எஃபெக்ட் சைஸ்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, மார்க் எவ்வளவு பரவிக் கிடக்கோ அதுல எத்தனை பங்கு ஏறுச்சுங்கறது. ஃபார்முலா வேணாம், இப்படி நினைச்சுக்கோங்க. 100 பிள்ளைங்களை மார்க் வரிசைல கடைசில இருந்து நிக்க வைக்கறோம், நடுவுல 50வதா ஒரு பொண்ணு நிக்கறா. எஃபெக்ட் சைஸ் 0.2ன்னா அந்த மெத்தட் அவளை சுமார் 58வது இடத்துக்கு நகர்த்தும், 0.4ன்னா சுமார் 66. 1984ல பெஞ்சமின் ப்ளூம்ங்கற கல்வி உளவியலாளர், தனித்தனியா ட்யூஷன் கொடுத்தா 2 வரைக்கும் வரும்னு எழுதினார், அப்படின்னா 50வது ஆள் நேரா 98வது இடம்! அந்த நம்பரை இன்னைக்கும் ஆன்லைன் கோர்ஸ் விக்கறவங்க பாதிப் பேர் விளம்பரத்துல போடறாங்க. அதுக்கப்புறம் நிறைய பேர் ட்யூஷனைக் குலுக்கல் முறைல சோதிச்சுப் பாத்தாங்க, சராசரியா 0.3, 0.4 பக்கம்தான் வருது. அதுவே கல்வில ரொம்ப நல்ல நம்பர்தான், 2ன்னு சொல்லி வெச்சதால 0.4 ஏமாற்றமாத் தெரியுது.

இனிமேதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான பகுதி. கத்துக்கிட்டோம்ங்கற ஃபீலிங் வேற, கத்துக்கறது வேற. இதை முதல்ல நம்பவே மனசு வராது.

2006ல ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்களுக்கு ஒரு சின்ன அறிவியல் கட்டுரையைக் கொடுத்தாங்க. ஒரு குரூப் நாலு ரவுண்டும் திரும்பத் திரும்பப் படிச்சாங்க, மொத்தத்துல சராசரியா 14 தடவைக்கு மேல படிச்சிருக்காங்க. இன்னொரு குரூப்புக்குப் படிக்க ஒரே ரவுண்டுதான், சராசரியா மூணு நாலு தடவை. மீதி மூணு ரவுண்டும் கட்டுரையைப் பாக்காம ஞாபகம் இருக்கறதை வெறும் தாள்ல எழுதணும், சரியா தப்பான்னுகூட யாரும் சொல்லல. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா படிச்ச குரூப் 83 சதவீதம், எழுதின குரூப் 71. ஆக, படிச்சவங்கதான் ஜெயிச்சாங்க. ஆனா வேற பசங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு வெச்சா? படிச்சது 40, எழுதினது 61. அப்படியே தலைகீழ். இன்னும் ஒரு விஷயம், ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு நினைக்கறீங்கன்னு முன்னாடியே கேட்டப்ப, படிச்ச குரூப்தான் ரொம்ப நம்பிக்கையா இருந்துச்சு.

இதை நீங்களே வீட்டுல செஞ்சு பாக்கலாம். இந்தக் கட்டுரைல மேல இருக்கற கென்யா கதையை இப்ப ஸ்க்ரோல் பண்ணிப் பாக்காம மனசுல சொல்லிப் பாருங்க. எத்தனை ஸ்கூல், என்ன சார்ட், யார் பண்ணாங்க? படிக்கறப்ப ஜம்முனு புரிஞ்சிருக்கும், இப்ப இழுக்கும். அந்த இழுக்கற கஷ்டம் இருக்குல்ல, மூளை தேடித் தேடி எடுக்கற அந்த சிரமம், அதுதான் வேலை செய்யுது. திரும்பப் படிக்கறப்ப வர்ற சுகம் "இது எனக்குத் தெரியும்"ங்கற பரிச்சயம், பழகின மூஞ்சியைப் பாத்துட்டு பேர் ஞாபகம் வராம நிப்போமே அந்த மாதிரி. பாக்காம நினைவுல இருந்து எடுத்துப் பழகறதுன்னு இதைச் சொல்லலாம். இதுகூட இடைவெளி விட்டுப் படிக்கறதும் சேரும், இன்னைக்கு, மூணு நாள் கழிச்சு, பத்து நாள் கழிச்சுன்னு. மறதி எவ்வளவு வேகமா வருதுன்னு 1885லயே ஹெர்மன் எபிங்ஹவுஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டங்களைத் தானே மனப்பாடம் பண்ணி, தன்னையே சோதனை எலியா வெச்சு அளந்து எழுதிட்டார், ஆக "புதுமையான" முறைன்னு பேசறதுல பாதி நூறு வருஷத்துக்கு மேல பழசு.

கிளாஸ் அளவுல இதே கதை ஹார்வர்டுல நடந்துச்சு. 2019ல வந்த ஆய்வு, லூயி டெலோரியே குழு பண்ணது. ஃபிசிக்ஸ் பசங்களைக் குலுக்கிப் போட்டு பாதிப் பேருக்கு ரொம்ப நல்லா பேசற டீச்சர் அழகா லெக்சர் எடுத்தார், மீதிப் பேருக்கு அதே பாடம், அதே நோட்ஸ், ஆனா பசங்களே சின்னச் சின்ன குரூப்பா உக்காந்து கணக்கு போட்டுத் திணறணும், டீச்சர் சுத்தி வந்து உதவுவார். டெஸ்ட்ல திணறின குரூப் மேல. "நீங்க எவ்வளவு கத்துக்கிட்டீங்க?"ன்னு கேட்டா லெக்சர் குரூப் மேல! நல்ல பேச்சைக் கேட்டா எல்லாம் புரிஞ்ச மாதிரி வழுக்கிட்டுப் போகும், திணறினா எனக்கு ஒண்ணும் வரலையேன்னு தோணும். ஆக, பசங்க கிட்ட ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்து மெத்தடை மதிப்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. நான் கார்டு கேம் முடிச்சுட்டு "பிடிச்சுதா?"ன்னு கை தூக்கச் சொன்னதும் இதே ரகம்தான்.

கிளாஸ்ல பசங்களைப் பேச விடற முறைகள்ல ரொம்பப் பேசப்படறது எரிக் மாஸூர் கொண்டு வந்தது, பியர் இன்ஸ்ட்ரக்‌ஷன், பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கிட்டயே கத்துக்கறது. அவரும் ஹார்வர்ட் ஃபிசிக்ஸ்தான். 1990 வாக்குல தன்னோட பசங்களுக்கு அடிப்படை கேள்வித்தாள் ஒண்ணு கொடுத்தார், கஷ்டமான ஃபார்முலா கணக்கெல்லாம் போடற பசங்களாச்சே, ஊதித் தள்ளிடுவாங்கன்னு நினைச்சிருக்கார். ஒரு பொண்ணு எந்திரிச்சு, நீங்க சொல்லிக் கொடுத்தபடி எழுதணுமா, இல்ல நான் நிஜமா நினைக்கறபடி எழுதணுமான்னு கேட்டிருக்கா. ஒரு டீச்சருக்கு இதைவிட வலிக்கற கேள்வி இருக்க முடியாது.

அந்த ரகக் கேள்வி ஒண்ணைப் பாருங்க. பெரிய லாரி ஒண்ணும் சின்ன கார் ஒண்ணும் நேருக்கு நேர் மோதுது. லாரி கார் மேல செலுத்தற விசை அதிகமா, கார் லாரி மேல செலுத்தறது அதிகமா, ரெண்டும் சமமா? மனசு உடனே லாரின்னு கத்தும், நியூட்டனோட மூணாம் விதியை நூறு தடவை எழுதினவங்க மனசும்தான். பதில் சமம். விசை ஒண்ணுதான், காரோட எடை கம்மிங்கறதால அதோட வேகம் பயங்கரமா மாறுது, அதனால அதிகமா அடிபடறது கார்ல இருக்கறவங்க. மாஸூர் என்ன பண்ணுவார்னா இந்த மாதிரி கேள்வியைப் போட்டு முதல்ல எல்லாரும் தனியா ஓட்டு போடணும், அப்புறம் வேற பதில் சொன்ன பக்கத்து ஆள் கூட ரெண்டு மூணு நிமிஷம் வாதாடணும், அப்புறம் திரும்ப ஓட்டு. ரெண்டாவது ஓட்டுல சரியான பதில் ஏறும். புத்திசாலி சொன்னதை மத்தவன் காப்பி அடிக்கறான்னு சந்தேகம் வரும்ல, எனக்கும் வந்துச்சு. 2009ல ஒரு குழு அதைச் சோதிச்சாங்க, வாதாடி முடிச்சதும் அதே கருத்துல புதுக் கேள்வி ஒண்ணைத் தனியாப் போடச் சொன்னா அதுலயும் நல்லா பண்றாங்க, ஆரம்பத்துல குரூப்ல ஒருத்தருக்குமே பதில் தெரியாம இருந்தப்பகூட. பேசிப் பேசியே வந்து சேர்றாங்க.

இந்த மாதிரி பசங்க கை, வாய், மூளை மூணும் வேலை செய்யற கிளாஸைப் பத்தின 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014ல ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, எல்லாம் காலேஜ் அறிவியல், கணக்கு, இன்ஜினியரிங் கிளாஸ். வெறும் லெக்சர் கேக்கறவங்க ஃபெயில் ஆகற வாய்ப்பு 1.5 மடங்கு. இதுக்காக லெக்சரே பாவம்னு சொல்ற கூட்டத்துல நான் இல்ல, ஒண்ணுமே தெரியாத விஷயத்துக்கு முதல்ல யாராவது உக்காத்தி வெச்சுத் தெளிவா சொல்லித்தான் ஆகணும், தெரியாததை வெச்சு நாலு பேர் வாதாடினா நாலு தப்புதான் மிஞ்சும். சொல்லி முடிச்சதும் வாயை மூடிட்டு அவங்களைச் செய்ய விடறதுதான் நமக்கு வராது.

நடுவுல ஒண்ணு சொல்லிடறேன், இதைச் சொன்னா நிறைய பேர் சண்டைக்கு வருவாங்க. "என் பையன் விஷுவல் லேர்னர், என் பொண்ணு காதால கேட்டாதான் கத்துப்பா"ங்கற கற்றல் பாணி கதை. 2008ல ஹரால்டு பாஷ்லர் உட்பட நாலு உளவியலாளர்கள் ஆதாரங்களைத் தேடித் தேடிப் பாத்தாங்க. அவங்கவங்க பாணிக்கு ஏத்த மாதிரி சொல்லிக் கொடுத்தா அதிகம் கத்துக்கறாங்கங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கல. பிள்ளைங்களுக்குப் பிடிச்ச வழின்னு ஒண்ணு இருக்கலாம், ஆனா மேப்பை யாராக இருந்தாலும் கண்ணால பாத்துதான் கத்துக்கணும், உச்சரிப்பைக் காதாலதான்.

சரி, மெத்தட் நல்லா இருந்தாலும் பிள்ளை எந்தப் படில நிக்குதோ அங்க இருந்து ஆரம்பிக்கலன்னா வீண். அஞ்சாம் கிளாஸ்ல உக்காந்திருக்கும், ரெண்டாம் கிளாஸ் பாடம் படிக்க வராது, டீச்சர் சிலபஸை முடிக்க ஓடிட்டு இருப்பாங்க. இதை நேரடியாப் பிடிச்சது பிரதம்ங்கற கல்வித் தொண்டு நிறுவனம். வதோதரா, மும்பை ரெண்டு இடத்துலயும், பின்தங்கின பிள்ளைங்களைத் தினமும் ரெண்டு மணி நேரம் தனியாக் கூட்டிட்டுப் போய், அந்தப் பகுதிலயே இருக்கற இளம் பெண்களை வெச்சு எழுத்து, எண்ணுன்னு அடிப்படைல இருந்து சொல்லிக் கொடுத்தாங்க. பானர்ஜி, டுஃப்ளோ குழு குலுக்கல் முறைல அளந்தப்ப ரெண்டாவது வருஷம் எஃபெக்ட் சைஸ் 0.28. நம்ம வரிசைல 50வது ஆள் சுமார் 61வது இடம். இதுல இன்னொரு அழகு, அந்தப் பிள்ளைங்க வெளிய போனதால கிளாஸ்ல மிச்சம் இருந்தவங்களுக்குக் கூட்டம் குறைஞ்சுது, ஆனா அவங்க மார்க் ஏறல. கூட்டம் குறைஞ்சதால இல்ல, படிக்குப் படி சொல்லிக் கொடுத்ததாலதான்னு அதுல இருந்து பிரிச்சுப் பாக்க முடிஞ்சுது.

டெக்னாலஜி பக்கமும் இதே பாடம்தான். பெருவுல 319 ஸ்கூலை வெச்சு, பிள்ளைக்கு ஒரு லேப்டாப் திட்டத்தைச் சோதிச்சாங்க, 15 மாசம் கழிச்சு கணக்குலயும் மொழிலயும் மார்க் அசையவே இல்ல. டெல்லில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர், ஸ்கூல் முடிஞ்சப்புறம் சென்டர்ல வந்து படிக்கறது, பிள்ளை தப்பு பண்ற இடத்தைப் பாத்து அதோட லெவலுக்கே இறங்கி கேள்வி கேக்கும். கார்த்திக் முரளிதரன்ங்கற பொருளாதார ஆய்வாளரோட குழு அளந்தாங்க, நாலரை மாசத்துல கணக்குல 0.37, ஹிந்தில 0.23. அங்கயும் ஸ்க்ரீன், இங்கயும் ஸ்க்ரீன். ஒண்ணுல மெஷினைக் கொடுத்துட்டு விட்டாங்க, இன்னொண்ணுல பிள்ளை நிக்கற இடத்தைத் தேடிப் போனாங்க, கூடவே சின்ன குரூப்பா டீச்சரும் சொல்லிக் கொடுத்தாங்கங்கறதை மறந்துடக் கூடாது.

சின்ன அளவுல ஜெயிச்சது பெரிய அளவுல ஜெயிக்குமாங்கறது தனித் தலைவலி. கென்யாலயே ஒப்பந்த டீச்சர் திட்டம் ஒண்ணு, தொண்டு நிறுவனம் அந்தத் திட்டத்தை நடத்தின ஸ்கூல்ல பிள்ளைங்க மார்க் ஏறுச்சு, அதே திட்டத்தை அரசாங்கமே நடத்தின ஸ்கூல்ல ஒண்ணும் ஏறல, ரெண்டையும் ஒரே நேரத்துல குலுக்கல் போட்டு ஒப்பிட்டிருக்காங்க. மெத்தட்ங்கறது பேப்பர்ல இருக்கற ரெசிபி மட்டும் இல்ல, சம்பளம் நேரத்துக்கு வருதா, யாராவது வந்து பாக்கறாங்களா, எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

இவ்வளவு நேரம் மார்க்கைப் பத்தியே பேசிட்டேன். மார்க் ஏறினா வாழ்க்கை மாறுதா? இதுக்குப் பொறுமை வேணும், 30, 40 வருஷப் பொறுமை. அமெரிக்கால மிச்சிகன் மாநிலத்துல இப்சிலாண்டிங்கற ஊர்ல 1962ல பெர்ரி ப்ரீஸ்கூல்னு ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க, வறுமைல இருந்த 123 குழந்தைங்க. பாதிப் பேருக்கு நல்ல பாலர் பள்ளி, மீதிப் பேருக்கு இல்ல. முதல்ல ஐக்யூ குபுகுபுன்னு ஏறுச்சு, அப்புறம் ஸ்கூல் போக ஆரம்பிச்ச சில வருஷத்துலயே ரெண்டு குரூப்பும் ஒண்ணாயிடுச்சு. அத்தோட விட்டிருந்தா தோல்வின்னு மூடியிருப்பாங்க. ஆனா ஆய்வாளர்கள் விடாம அவங்க 40 வயசு வரைக்கும் அப்புறமும் பின்தொடர்ந்தாங்க. பாலர் பள்ளி போனவங்கள்ல ஸ்கூல் படிப்பை முடிச்சவங்க அதிகம், சம்பாத்தியம் அதிகம், கைதானவங்க கம்மி. ஐக்யூல தங்காத ஏதோ ஒண்ணு, பொறுமையா உக்காரறது, ஆரம்பிச்சதை முடிக்கறது, அடுத்தவங்க கூட ஒத்துப் போறது, அந்த மாதிரி பழக்கங்கள்தான் தங்கியிருக்கணும்னு பின்னாடி ஆய்வு பண்ணவங்க சொல்றாங்க. 123ங்கறது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, அதை வெச்சு உலகத்துக்கே விதி எழுதறவங்களைப் பாத்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அது வேற.

எல்லாத்தையும் குலுக்கவும் முடியாது. ஒரு நாட்டுல பாதிக்கு ஸ்கூல் கட்டு, பாதிக்கு வேணாம்னு சொல்ல முடியுமா? இந்தோனேஷியால 1973ல இருந்து 1978 வரைக்கும் எண்ணெய் வருமானத்துல 61,000க்கும் மேல தொடக்கப் பள்ளி கட்டினாங்க, சில மாவட்டத்துல நிறைய, சிலதுல கம்மி. எஸ்தர் டுஃப்ளோ 2001ல இதைப் பிடிச்சார். ஸ்கூல் வந்தப்ப படிக்கற வயசுல இருந்தவங்க, வயசு தாண்டிப் போனவங்க, ஸ்கூல் நிறைய வந்த மாவட்டம், கம்மியா வந்த மாவட்டம்னு நாலு மூலைலயும் வெச்சு ஒப்பிட்டார். 1000 பிள்ளைக்கு ஒரு ஸ்கூல் கூடுதலா வந்தா சராசரி படிப்பு 0.12ல இருந்து 0.19 வருஷம் ஏறுது, வளர்ந்தப்புறம் கூலி 1.5ல இருந்து 2.7 சதவீதம் ஏறுது. பாக்கச் சின்ன நம்பர், ஆனா ஒரு தலைமுறை முழுக்கப் பரவற நம்பர்.

இனிமே "இந்த மெத்தட்ல படிச்சா பிள்ளை ஜீனியஸ்"னு யாராவது சொன்னா நான் கேக்கறது, யார் கூட ஒப்பிட்டீங்க, அந்த ரெண்டு கூட்டத்தையும் யார் பிரிச்சாங்க, எத்தனை நாள் கழிச்சு டெஸ்ட் வெச்சீங்க. மூணாவது கேள்விலயே பெரும்பாலும் பேச்சு வேற பக்கம் போயிடும்.

அந்த சீனியர் டீச்சரை மறந்துட்டேனே. ரெஜிஸ்டரைத் தள்ளின அடுத்த வாரம், அப்படி என்னதான் பண்றாங்கன்னு அவங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல போய் உக்காந்தேன். உள்ள வந்தாங்க, வருகை எடுத்தாங்க, "நோட்டை மூடுங்க"ன்னாங்க. நேத்து பாடத்துல இருந்து மூணு கேள்வி, போன வாரத்துல இருந்து ஒண்ணு, போன மாசத்துல இருந்து ஒண்ணு. பிள்ளைங்க ஒரு துண்டுத் தாள்ல எழுதினாங்க, பக்கத்துல இருக்கறவங்க கூட மாத்திக்கிட்டாங்க, பதில் வேற வேறயா இருந்தா ஏன்னு கசமுசன்னு பேசிக்கிட்டாங்க, மார்க்கெல்லாம் போடல. மொத்தம் ஏழு எட்டு நிமிஷம். அப்புறம்தான் சாக்பீஸை எடுத்தாங்க. எத்தனை வருஷமா இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். "எப்படி?"ன்னு கேட்டாங்க.